பதிவேடு வந்தால் போதுமா?

நாற்று நடுகிறவருக்கும் ஆலையில் நின்று வேலை செய்கிறவருக்கும் காலே பிழைப்பு. சர்க்கரை வியாதி முற்றினால் பாதம் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. புண் புரையோடினால் காலையே எடுக்க நேரிடும். அந்தக் காலில் பயிற்சியில்லாத கை பிளேடு வைத்து ஆணியை அறுக்கலாமா?

கூடாது என்கிறது சட்டம். 2021-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசியக் கமிஷன் சட்டத்தின் பட்டியலில் பாத சிகிச்சையாளரும் இருக்கிறார். குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும். மாநிலப் பதிவேட்டில் பெயர் வேண்டும்.

இதை வரவேற்கிறோம். ஆனால் படிப்புக்குப் பணம் கொட்டி அழ வேண்டுமென்றால், ஏழை வீட்டுப் பிள்ளை பதிவேட்டை எட்டிப் பார்க்க முடியுமா? பதிவு பெற்றவர் பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டால், கூலிக்காரரின் கால் மறுபடியும் பிளேடுக்குத்தான் போகும்.

ஆகவே, சர்க்கார் கல்லூரிகளில் இப்படிப்பு இலவசமாக நடக்க வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் பதிவு பெற்றவர்களை நிரந்தர ஊழியர்களாக நியமிக்க வேண்டும். தோழர்களே, சங்கக் கூட்டந்தோறும் இக்கோரிக்கையை எழுப்புங்கள்!