வெற்றி தோல்வியற்ற ஓர் ஆட்டம்

சமநிலையில் முடிந்த சதுரங்க ஆட்டத்தைச் சுவையற்றதென ஒதுக்குவோர் பலர். வென்றவரும் இலர், தோற்றவரும் இலர்; அதிற் காண என்ன உண்டு என்பது அவர்தம் வினா. அவ்வினாவுக்கு விடையாக, 1962 ஆம் ஆண்டில் பல்கேரியாவின் வர்ணா நகரில் நடைபெற்ற ஒலிம்பியாட் போட்டியின் ஓர் ஆட்டத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

வெள்ளைக் காய்களை ஆடியவர் அன்றைய உலக வீரர், சோவியத் நாட்டு மிக்கயில் பொட்வின்னிக், வயது 51. கறுப்புக் காய்களை ஆடியவர் அமெரிக்காவின் பொபி பிஷர், வயது 19. இவ்விருவரும் தம் வாழ்நாளில் எதிரெதிரே அமர்ந்து ஆடிய ஒரே ஆட்டம் இதுவே.

பொட்வின்னிக் முன்னரே ஆராய்ந்து வைத்திருந்த பாதையில் ஆட்டம் சென்றது. 17 ஆம் நகர்விலே அவர் ஒரு காலாளை முன்தள்ளிக் கறுப்பு அரசியைத் தாக்கினார். அரசி பின்வாங்கும் என்றே எவரும் எண்ணுவர். பிஷரோ அவ்வரசியாலேயே மற்றொரு காலாளை வெட்டினார்! வெள்ளை மந்திரி அரசியை வெட்ட, கறுப்புக் குதிரை வெள்ளை அரசியை வெட்டியது. கணக்கு முடிந்தபோது ஒரு காலாள் பிஷருக்கு ஆதாயம். மேதையின் ஆயத்தத்தில் இருந்த ஓட்டையை இளைஞர் பலகையின் முன்னமர்ந்தே கண்டுவிட்டார்.

நாற்பது நகர்வுகளுக்கு மேல் ஆடியபின், அக்கால வழக்கப்படி ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. எஞ்சியவை ஆளுக்கொரு கோட்டையும் சில காலாட்களுமே. பிஷருக்கு நான்கு காலாள், பொட்வின்னிக்குக்கு மூன்று. வெள்ளையின் நிலை இடர் மிக்கது.

அவ்விரவு சோவியத் அணியினர் உறங்காது ஆராய்ந்தனர். வழி கண்டவர் எபிம் கெல்லர். தன் ஓரக் காலாளைக் காத்து ஒடுங்கியிராமல், கோட்டையை ஏழாம் வரிசைக்கு அனுப்பி எதிரியின் ஓரக் காலாளை வெட்டுவது அவர் யோசனை. மறுநாள் அவ்வாறே நடந்தது. பின்னர் 52 ஆம் நகர்விலே பொட்வின்னிக் தம் அரசர் பக்கத்து ஓரக் காலாளைப் பலியிட்டார். அதை வெட்டியதும், வெள்ளைக் கோட்டை பக்கவாட்டில் அரசனுக்கு முற்றுகையிட்டுக் கறுப்பின் மற்றொரு காலாளைக் கைப்பற்றியது. பிஷருக்கு எஞ்சியவை பலகையின் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு காலாள் மட்டுமே. கோட்டைகள் உள்ள முடிவாட்டத்தில் அவை வெற்றிக்குப் போதா. 68 ஆம் நகர்வுடன் ஆட்டம் சமநிலையுற்றது.

பிஷர் 1969 இல் வெளியிட்ட தம் நூலில், வெற்றிக்கு வழி இருந்ததென வாதிட்டார். பொட்வின்னிக் அதனை மறுத்து எழுதினார்.

ஓர் இரவின் துணை நேர்மையானதா என வினவலாம். விதி அதனை அனுமதித்தது. அதே இரவு பிஷருக்கும் உரியதாயிருந்தது. கணினிகள் வலுப்பெற்ற பின்னர், 1990 களில் இடைநிறுத்தும் வழக்கமே பெரும் போட்டிகளினின்று மறைந்தது.

அரைப்புள்ளிதானே என்று இதனை இகழ்தல் தகாது. பிஷருக்கு அது இழந்த அரைப்புள்ளி. பொட்வின்னிக்குக்கோ மீட்ட அரைப்புள்ளி. தோல்வி அருகே நிற்கையில் எஞ்சியதை எண்ணிப் பார்க்கும் பொறுமை யாரிடம் உண்டோ, அவரை வெல்லுதல் அரிது. சதுரங்கம் பயிலும் நம் பிள்ளைகள் வென்ற ஆட்டங்களோடு இதனையும் ஒருமுறை பலகையில் ஆடிப் பார்ப்பார்களாக.