பணம் கட்டித் தோண்டிய பள்ளம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரச் சொல்லிச் சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, 'நாட்டு முன்னேற்றத்தில் மாணவர் பங்கு' என்று தலைப்புப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எனவே, நான் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரித்த பிறகு கொஞ்சம் யோசித்தால் போதும்.

என் ஊர் கொல்லிமலை. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, சோளக்காடு தாண்டி, செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. இதுதான் எங்கள் சொத்து.

போன ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அறப்பளீஸ்வரர் கோவிலில் கூட்டம். வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேட்டில் தோரணம். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் விழாவைப் பற்றிப் பேசவில்லை. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, "மிஷின் வந்திருக்கு!"

கீழ்நாட்டில் இருந்து ஒருவர் வந்து, தரிசாகக் கிடந்த ஒரு மேட்டை நில உரிமையாளரிடம் பேசிப் பிடித்திருந்தார். தார்ப்பாயில் ஒரு பந்தல், இரண்டு மெட்டல் டிடெக்டர், பத்து மண்வெட்டி. மிஷின் வாடகை ஒரு நாளைக்கு 1,500 ரூபாய். தோண்டும் இடத்துக்குத் தனியாக 500. தங்கமோ புதையலோ கிடைத்தால் பாதிப் பாதி. "ஓரி ராஜா ஆண்ட மலை. சித்தர்கள் ரசவாதம் பண்ணின மலை. இங்க இல்லாத தங்கமா?" என்பது அவர் பேச்சு. கைப்பேசியில் வெளிநாட்டு யூடியூப் படங்களையும் காட்டினார். ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். இரண்டு நாளுக்குப் பணம் கட்டியாயிற்று. மிளகு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் அது. என் அக்டோபர் தேர்வுக் கட்டணமும் அதற்குள்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் நாமெல்லாம் மின்னணுவியல் படிக்கிறவர்கள் அல்லவா? அந்தக் கருவியைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆசையும் வந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

மற்ற பிரிவு நண்பர்களுக்காக அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழே வட்டமாக இருப்பது ஒரு கம்பிச் சுருள். அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால், அதில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அந்தச் சுழல் மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. கருவி அதைப் பிடித்து 'பீப்' என்கிறது. நாம் படித்த மின்காந்தத் தூண்டல்தான். வேறு மந்திரம் இல்லை. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் பாய்ந்த குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே இப்படி ஒரு கருவியைச் செய்துகொண்டு போனார். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்களே கருவியைக் குழப்பியிருக்கலாம் என்கிறார்கள். பெல்லுக்கே அந்தக் கதி!

எங்கள் மேட்டிலும் மிஷின் நன்றாகவே கத்தியது. கத்திய இடமெல்லாம் தோண்டினார்கள். உடைந்த அரிவாள் மூக்கு, மாட்டு லாடம், ஒரு பழைய ஆணி, சோடா மூடி. சில இடத்தில் ஒன்றுமே இல்லை. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணும் கல்லும் கருவியை ஏமாற்றும். மண்ணுக்குத் தகுந்தபடி அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அந்த ஆள் அதைச் செய்யவில்லை. அவர் ஏன் செய்யப்போகிறார்? கத்தக் கத்தத்தானே அவருக்கு வரும்படி!

நான் அம்மாவிடம் மூக்குத்தியைக் கழற்றித் தரச் சொன்னேன். "எதுக்குடா சாமி?" என்று பயந்துகொண்டே கொடுத்தார். எல்லார் முன்னாலும் அதை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து மண்ணை மூடினேன். மேலே மிஷினை ஓட்டச் சொன்னேன். சத்தமே இல்லை! ஐந்து ரூபாய் நாணயத்தை அதே ஆழத்தில் புதைத்தேன். கத்தியது. பிறகு கிடைத்த சிறு மூடி ஒன்றையும், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளையும், சித்தி காதில் இருந்த தோட்டையும் ஒவ்வொன்றாகச் சுருளுக்குக் கிட்டத்தில் காட்டினேன். ஈயத்தாளுக்கும் தோட்டுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்தான் வந்தது. அதாவது, சின்னத் தங்கம் கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் அதற்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தால் தங்கமா தாளா என்று அதற்குப் புரியாது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மூக்குத்தியைத் திரும்ப எடுக்க வேண்டுமே! நான் புதைத்த இடம் நாலு பேர் மிதித்ததில் கலைந்துவிட்டது. மிஷின் வாயைத் திறக்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்து வந்தார். மண்ணை அள்ளி அள்ளிக் கொழித்தார். முக்கால் மணி நேரம் கழித்து மூக்குத்தி முறத்தில் மின்னியது. 'ஒரு லட்ச ரூபாய் மிஷின்' என்று அவர் சொன்னாரே, அது தேடித் தராததை அம்மாவின் முறம் தேடித் தந்தது.

கூட்டம் சிரித்தது. ஆனால் யாரும் கலைந்து போகவில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த பெரிய பாடம். அப்பாவும் மறுநாள் தோண்டப் போனார்.

அன்று ராத்திரி அப்பாவிடம் சண்டை போட்டேன். "கிடைக்காதுன்னு தெரிஞ்சும் எதுக்குப்பா பணம் கட்டினீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உன் படிப்புக்கும் இப்படித்தானே கட்டறேன் சாமி? வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு எனக்குத் தெரியுமா?" என்றார்.

நண்பர்களே, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையே அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்தான்.

பணம் கட்டித் தோண்டுவது உலகத்தில் இல்லாத விஷயம் அல்ல. மத்தியப் பிரதேசத்தில் பன்னா என்ற ஊரில், சாதாரணக் கூலிக்காரரும் சில நூறு ரூபாய் கட்டணம் செலுத்தி, 8 மீட்டருக்கு 8 மீட்டர் அளவுள்ள நிலத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்து வைரம் தேடலாம். கிடைத்த வைரத்தை அங்குள்ள வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அரசே ஏலம் விட்டு, சுமார் 12 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கண்டெடுத்தவருக்குத் தருகிறது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் 'மைனர்ஸ் ரைட்' என்றொரு அனுமதிச் சீட்டு உண்டு. பத்து ஆண்டு செல்லும். அங்கே 1980-ல் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடிய ஒருவருக்கு 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி கிடைத்தது. அந்த மண்ணில் தங்கம் உண்டு. அது நூற்றாண்டுக்கு மேலாக எல்லாருக்கும் தெரிந்த சேதி.

நம் நாட்டிலும் தங்க மோகம் புதிது அல்ல. 1879-ல் ஆஸ்திரேலியாவில் இருந்து பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வரவழைத்து, வயநாடு, நீலகிரிப் பக்கத்துத் தங்கப் பாறைகளை ஆராயச் சொன்னார்கள். அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. பந்தலூர், தேவாலாப் பக்கம் திடீரென்று பங்களாக்கள் முளைத்தன. சில ஆண்டுகளிலேயே எல்லாம் கவிழ்ந்தது. பாறையில் தங்கம் இருந்தது. ஆனால் எடுக்கும் செலவுக்குக் கட்டவில்லை. பங்கு வாங்கியவர் பணம் போயிற்று. பங்கு விற்றவருக்கு என்ன நஷ்டம்? கோலார் தங்க வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வடஆற்காடு, சேலம் பக்கத்து மக்கள் எத்தனையோ பேர் அங்கே போய் உழைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கமும் செலவு கட்டாமல் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது.

எங்கள் கொல்லிமலையின் கதை இன்னும் வேடிக்கையானது. மலையில் இருந்து உண்மையாக வெட்டி எடுக்கப்பட்ட கனிமம் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது லாரி லாரியாகக் கீழே இறங்கியது. பாக்சைட்டில் அலுமினியம் ஆக்சைடு வடிவில் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. மெட்டல் டிடெக்டரை மேலே வைத்து அந்த அலுமினியத்தைத் தேடியிருந்தால், கருவி ஊமையாகத்தான் இருந்திருக்கும்! மலையில் இருந்த செல்வம் சத்தம் இல்லாமல் போயிற்று. இல்லாத தங்கத்துக்குத்தான் இத்தனை பீப்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் சிறை உண்டு. கனிமம் தேட 1957-ம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் தோண்டினால் அது தனி வழக்கு. 'பாதிப் பாதி' என்று சொன்ன அந்த மனிதர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. தங்கம் நிஜமாகவே கிடைத்திருந்தாலும் என் அப்பாவுக்கு வந்திருப்பது வழக்குதான்!

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

பணம் கட்டுவதில் தவறில்லை. நம்பிக்கை வைப்பதிலும் தவறில்லை. கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, இதற்கு முன் பணம் கட்டியவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது? இரண்டு, கிடைக்காவிட்டால் என் கையில் மிஞ்சுவது என்ன? மூன்று, எனக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லாபம் யாருக்கு? அந்தப் பந்தலில் முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பதில், ஒரு பள்ளம். மூன்றாவதற்குப் பதில் ஊருக்கே தெரியும்.

படிப்புக்கு? வேலை கிடைக்காமல் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் மிஷின் ஏன் கத்தியது, மூக்குத்திக்கு ஏன் கத்தவில்லை என்று ஊர் நடுவில் நின்று சொல்ல என்னால் முடிந்தது. அதை யாரும் பாதி பங்கு கேட்க முடியாது. அப்பா கட்டிய பணத்தில் கையில் மிஞ்சியது அது.

ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் கருவியைத் தொடாமலே ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வெளியே போகிறோமே, அந்த நாளில் நாமும் பணம் கட்டிப் பள்ளம் தோண்டுகிறவர்கள்தான். கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தராத இடம் எதுவாக இருந்தாலும், அது தார்ப்பாய் போடாத பந்தல்தான். அந்த மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்க வேண்டும். மாணவர் சங்கம் எதற்கு இருக்கிறது?

என் கோரிக்கை சிறியது. இந்த ஆண்டு இறுதியாண்டு புராஜெக்டில் ஒரு குழு, எளிய மெட்டல் டிடெக்டர் ஒன்றைச் செய்யட்டும். இரண்டு ஆஸிலேட்டர், ஒரு கம்பிச் சுருள், ஒரு ஹெட்போன் போதும். அதை நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு எடுத்துச் செல்வோம். ஒரு ஈயத்தாள், ஒரு லாடம், ஒரு மூக்குத்தி. அரை மணி நேரம் ஊர் மக்களைத் தொட்டுப் பார்க்க விடுவோம். நாளைக்கு 'இரிடியம்', 'ரைஸ் புல்லிங் கலசம்' என்று எவன் வந்தாலும் நம் ஜனங்கள் முதல் கேள்வியைக் கேட்பார்கள்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பத்தாம் நாள் பந்தல் காணவில்லை. பள்ளங்கள் அப்படியே கிடந்தன. மழைத் தண்ணீர் நின்ற ஒன்றில் பக்கத்து வீட்டுக் கன்று விழுந்து கால் ஒடிந்தது. என் தேர்வுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டினோம். அபராதப் பணம் சித்தி கொடுத்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அப்பா தோண்டிய பள்ளத்தை அவரும் நானும் சேர்ந்து மூடினோம். வேலை முடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த மிஷினை நீயே செய்வியாடா?" என்றார்.

"செய்வேன்பா" என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

கேட்போம்! பிறகு கட்டுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு