ஃப்ரிட்ஜ் தின்பது 60 யூனிட்! மீதியைத் தின்பது யார்?

“கூலி வேலை செய்கிறவனுக்கு ஃப்ரிட்ஜ் ஒரு கேடா?” என்று கேட்கிற கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள் முழுவதும் மெஷினோடு நின்றுவிட்டு வருகிற பெண், ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவை நாலு நாள் புளிக்காமல் வைத்துக்கொண்டால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? சர்க்கரை வியாதிக்காரருக்கு ஊசி மருந்து வைக்க வேண்டும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்கச் சொல்கிறது வைத்தியம். கூலிக்காரன் வீட்டு இன்சுலினுக்கு மட்டும் தனி வைத்தியமா எழுதி வைத்திருக்கிறது?

இந்தக் கனவான்களின் பேச்சையாவது காதில் வாங்காமல் போய்விடலாம். வாசலில் வந்து “கரண்ட் காசு!” என்று கேட்கிற குரலுக்கு அப்படிச் செய்ய முடியாது.

திருப்பூர், கோவை வட்டாரத்து லைன் வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிகளுக்கு இந்தக் குரல் பழகிய குரல். வாடகை வேறு, கரண்ட் வேறு. யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வைத்ததே சட்டம். ஏன் இவ்வளவு என்று கேட்டால், “ஃப்ரிட்ஜ் வாங்கினீர்கள் அல்லவா? ஏறத்தான் செய்யும்” என்று பதில் வருகிறது. ஃப்ரிட்ஜ் வாயில்லாப் பிராணி. பழியை அதன் தலையில் போடுவது சுலபம். அது என்னதான் தின்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு 1 யூனிட் இழுக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். விளக்கு, விசிறி, டி.வி. எல்லாம் சேர்த்து 120 யூனிட். ஆக மொத்தம் 180.

மின்வாரியத்தின் கணக்கு என்ன? வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதத்து உத்தரவு. 2024 ஜூலையில் ஏற்றிய கட்டணப்படி, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. அதாவது 180 யூனிட்டுக்குப் பில் 188 ரூபாய். இதில் ஃப்ரிட்ஜின் பங்கு 141 ரூபாய். இரண்டு மாதத்துக்கு!

இதே 180 யூனிட்டுக்கு, யூனிட் 8 ரூபாய் வீதம் லைன் வீட்டுத் தொழிலாளி கட்டுவது 1,440 ரூபாய். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் 480 ரூபாய். இலவச 100 யூனிட் எங்கே போயிற்று? அதற்கும் சேர்த்தே 8 ரூபாய் வாங்கியாகிவிட்டது! ஆண்டுக்கு ஒரு குடும்பம் கூடுதலாகக் கொடுப்பது 7,512 ரூபாய். இதற்கு என்ன பெயர்? பகற்கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? “எனக்கே பில் எகிறுகிறது, நான் என்ன செய்ய?” என்பார். அதையும் பார்ப்போம். ஐந்து வீட்டுக்கு ஒரே மீட்டர் என்றால் 900 யூனிட் ஓடும். 500-ஐத் தாண்டினால் சலுகை குறைகிறது. யூனிட் விலை 8 ரூபாய் 40 காசு, 9 ரூபாய் 45 காசு, 10 ரூபாய் 50 காசு என்று ஏணி போட்டு ஏறுகிறது. பில் 5,820 ரூபாய். ஐந்து வீட்டிலும் அவர் வசூலிப்பது 7,200 ரூபாய். தனித்தனி மீட்டர் இருந்தால் ஐந்து வீட்டுக்கும் சேர்த்துப் பில் எவ்வளவு? வெறும் 940 ரூபாய்!

தனி மீட்டர் வாங்க அவருக்கு மனமில்லை. டெபாசிட் கட்ட வேண்டும், வயரிங் மாற்ற வேண்டும். அனுமதியில்லாமல் எழுப்பிய கட்டடமானால் காகிதம் கேட்பார்களே என்ற பயம் வேறு. அவர் மிச்சம் பிடித்த செலவை ஐந்து குடும்பங்கள் ஆயுள் முழுக்கக் கட்டவேண்டுமாம்! சில இடங்களில் தனி மீட்டரும் உண்டு; மின்வாரிய அட்டை மட்டும் வீட்டுக்காரர் பெட்டியில். 188 ரூபாய் கட்டிவிட்டு 1,440 ரூபாய் வாங்குகிறவருக்கு மில் முதலாளியும் பாடம் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, கட்டடத்தின் உரிமையாளர் கேட்டாலும் சரி, அதில் குடியிருப்பவர் கேட்டாலும் சரி, விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் மின்சாரம் தரவேண்டும் என்கிறது. “குடியிருப்பவர்” என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆனால் குடியிருப்பதற்கு ருசு வேண்டும். வாடகை ரசீதை எந்த வீட்டுக்காரர் தருகிறார்? வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2017-இல் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். லைன் வீட்டு வாசலில் அந்தச் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நிற்கிறது!

இன்னொரு அநியாயமும் உண்டு. கரண்டைக் குறைவாக இழுக்கும் 5 நட்சத்திரப் பெட்டிக்கு விலை அதிகம். வசதியுள்ளவர் அதை வாங்குகிறார். அவர் கழித்துப்போட்ட பழைய பெட்டி நம் வீட்டுக்கு வருகிறது. கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், குளிர் கசியும், கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். மலிவாய் வாங்கியவன் மாதாமாதம் தண்டம் கட்டுகிறான். ரப்பரை மாற்றுங்கள், பெட்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். அதில் சில யூனிட் மிச்சமாகும். ஆனால் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கும் கையை ரப்பர் மாற்றித் தடுக்க முடியாது.

மில்லுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கிராமத்தில் காத்திருக்கும் விவசாயக் கூலிகளே! ஊருக்கு வரவேண்டிய பணம்தான் இப்படி வழியில் கரைகிறது. இது உங்கள் சண்டையும்தான்.

ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் “வீட்டைக் காலி செய்” என்பார். காம்பவுண்டே சேர்ந்து கேட்டால் என்ன செய்வார்? மீட்டர் அளவை மாதாமாதம் நோட்டில் குறியுங்கள். மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் காசுக்கு ரசீது கேளுங்கள். பிறகு எல்லோருமாக மின்வாரிய ஆபீசுக்குப் போங்கள்.

வீட்டுக்கு ஒரு மீட்டர்! குடியிருப்பவன் கையில் அட்டை! அது வரும்வரை, இலவசம் என்று சர்க்கார் அறிவித்த 100 யூனிட் நமக்கு வெறும் செய்திதான்.