பாட்டியின் மருந்துக்கு ஒரு கணக்கேடு

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்கு வயது பதினான்கு. சில வாரங்களுக்கு முன், அதன் பின்சுவர் ஓரம் வைத்த கீரைக்கட்டு விறைத்துக் கிடந்தது. கீரை போகட்டும், அதே இடத்தில்தான் அம்மாவின் இன்சுலினும் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் பயன்படுத்தவே கூடாது.

உடனே நடுத்தட்டுக்கு மாற்றினேன். “பழசைத் தூக்கிப் போட்டுடலாம்மா” என்றேன். “காசு கொடுத்து வாங்குனது. பார்க்க நல்லாத்தானே இருக்கு?” என்றார் அம்மா. பகலில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 4 டிகிரி. இரவில் யார் விழித்திருந்து பார்ப்பது?

உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் தன் அர்டுயினோ யூனோ பலகையை எடுத்து வந்தாள். சிம் லிம் டவருக்குப் போய், டிஎஸ்18பி20 வெப்ப உணர்கருவியும் எஸ்டி அட்டை செருகும் சிறு பலகையும் வாங்கினோம். யூனோ 5 வோல்ட்டில் பேசும், அட்டைக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும். அதனால் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சில்லு உள்ள பலகையாகக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்தோம். திரையில் எண்கள் ஓடின. சோதித்துப் பார்க்க அது போதும். ஆனால் மடிக்கணினியை இரவெல்லாம் சமையலறையில் திறந்து வைக்க முடியுமா? யூனோவுக்குள் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் 1,024 பைட்தான். நிமிடத்துக்கு ஓர் அளவு, அளவுக்கு இரண்டு பைட் என்றால், எட்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். அட்டையில் அந்தக் கவலை இல்லை.

அதிலும் ஒரு சிக்கல். என்னிடமிருந்த 64 ஜிபி அட்டையை யூனோ ஏற்கவில்லை. அர்டுயினோவின் எஸ்டி நிரல்தொகுப்புக்கு ஃபேட்16, ஃபேட்32 முறைகள்தான் தெரியும்; பெரிய அட்டைகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. பழைய கேமராவின் 8 ஜிபி அட்டை கைகொடுத்தது. கோப்பின் பெயரும் எட்டு எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

இரவு பத்து மணிக்குக் கைப்பேசி மின்னூட்டியில் செருகிவிட்டுத் தூங்கினோம். காலையில் அட்டையை உருவிக் கணினியில் போட்டால், கோப்பின் அளவு பூஜ்யம்! மகள் முகம் வாடிவிட்டது.

தவறு எங்களுடையது. எழுதும் தகவல் நேராக அட்டைக்குப் போவதில்லை; 512 பைட் சேரும்வரை யூனோவிலேயே காத்திருக்கும். கோப்பை மூடும்வரை அதன் அளவும் அட்டையில் பதிவாகாது. நாங்கள் மூடாமலே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டோம். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ‘ஃப்ளஷ்’ என்ற ஒரு கட்டளையைச் சேர்த்தாள் மகள்.

மறுநாள் காலை கோப்பு நிறைய எண்கள். எக்செல்லில் வரைபடம் போட்டோம். பின்னிரவு இரண்டு முதல் ஐந்துவரை கோடு பூஜ்யத்துக்குக் கீழே. ஆகக் குறைவு மைனஸ் 1.5. உணர்கருவி அரை டிகிரி பிசகினாலும் உறைநிலைக்குக் கீழேதான்.

அம்மா வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரும் புதிது வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது உணர்கருவி நடுத்தட்டில். காலைக் காப்பிக்கு முன் அம்மா பேத்தியிடம் கேட்கும் முதல் கேள்வி: “ராத்திரி எத்தனை டிகிரிம்மா?”