சப்பாத்திக்கள்ளிக்கு ஒரு வக்காலத்து

எங்க வீட்டுப் பின்பக்கச் சுவரோரம் ஒரு சப்பாத்திக்கள்ளி நிற்குது. நான் வைத்ததில்லை. வீடு கட்டுறதுக்கு முன்னாடி அங்கே இருந்த வேலியில் மிச்சமான ஒரு மட்டை. தண்ணி, உரம் எதுவும் போட்டதில்லை, இப்போ ஆள் உயரம். அதை வெட்டுறதா வேண்டாமான்னு போன மாசம் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. வேண்டாம்னு சொன்ன கட்சியில் நான் ஒரே ஆள்.

என் மனைவி சொன்ன காரணம் நியாயமானது. பொண்ணு பந்து எடுக்கப் போய் கை முழுக்க சுணை ஏற்றிக்கிட்டு வந்தா. பெரிய முள்ளை முள்வாங்கியால் பிடுங்கிடலாம். அதன் அடியில் கொத்துக்கொத்தா இருக்கிற மயிர் மாதிரி சுணைதான் ஆபத்து. ஒட்டு டேப்பை ஒட்டி ஒட்டி உரிச்சு எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. பக்கத்து வீட்டு அக்கா "கள்ளி வீட்டுக்கு ஆகாது தம்பி"ன்னாங்க. அவங்க வாசலில் திருஷ்டிக்கு சோற்றுக்கற்றாழை தலைகீழா தொங்குது. முள்ளுச்செடியில் இது ஆகும், அது ஆகாதுன்னு யார் பிரிச்சாங்களோ!

என்னை அசைச்சது அம்மாதான். சின்ன வயசில் ஆடு மேய்க்கப் போன இடத்தில் வயிறு நிறைய இந்தப் பழம் தின்னவங்க. "அது கஞ்சி இல்லாதப்போ தின்னதுடா. நாங்க தின்னது போதும், என் பேத்தி எதுக்குத் திங்கணும்?"னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. பசியில் தின்னதால் ஒரு பழத்தின் மேல வெட்கம் ஒட்டிக்கும்னு நான் யோசிச்சதே இல்லை.

ஆனா ஒண்ணு கேட்கணும். அதே வாரம் சூப்பர் மார்க்கெட்டில் 90 ரூபாய் கொடுத்து ஒரு டிராகன் பழம் வாங்கினோம். அதுவும் கள்ளிச் செடியின் பழம்தான்! இதே குடும்பம், இதே மாதிரி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 2021-ல் குஜராத் அரசு அதுக்கு 'கமலம்'னு பேர் கூட வச்சது. அங்காளி பங்காளிதான், ஒண்ணு ஏசி அறையில், ஒண்ணு சுவரோரம். ருசியில் என் ஓட்டு சுவரோரத்துக்குத்தான். மெக்சிகோவில் இந்தப் பழமும் பிஞ்சு மட்டையும் சந்தையில் குவிச்சு விற்கிற சாதாரண சாப்பாடு.

சாப்பிடுற முறையை அம்மாவே முறைச்சுக்கிட்டு சொல்லிக் கொடுத்தாங்க. நல்லா கறுஞ்சிவப்பா பழுத்ததை இடுக்கியால் திருகி எடுக்கணும். தணலில் புரட்டினா சுணை பொசுங்கிடும். பிறகு தரையில் தேய்ச்சுக் கழுவி, ரெண்டா பிளந்து, நடுவில் இருக்கிற நட்சத்திர முள்ளை மறக்காம எடுக்கணும். அம்மா அதைத் தொண்டை முள்னு சொல்றாங்க. விதை கல்லு மாதிரி இருக்கும், மென்னு துப்பிடுங்க. நிறைய விழுங்கினா மலச்சிக்கல்தான். நான் வடிகட்டி எலுமிச்சை பிழிஞ்சு சர்பத் போடுறேன். நிறத்துக்கு பீட்ரூட்டே தோத்துடும்.

பிஞ்சு மட்டையையும் ஒரு தடவை சீவி, நறுக்கி, வேக வச்சு புளிக்குழம்பில் போட்டேன். வெண்டைக்காய் வழுவழுப்பு, லேசான புளிப்பு. கள்ளி ராத்திரியில்தான் காற்றை இழுத்து அமிலமா சேர்த்து வைக்கும். அதனால் காலையில் வெட்டின மட்டை சாயங்காலம் வெட்டினதை விட அதிகம் புளிக்கும். நம்ம ஊர் வகையில் முள் சீவுறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது, அதனால் ரெண்டாவது தடவை செய்யலை. முக்கியமா, எல்லாக் கள்ளியும் இது இல்லை. உடைச்சா பால் வர்ற திருகுகள்ளி, சதுரக்கள்ளி பக்கம் வாயை வைக்காதீங்க. அந்தப் பால் விஷம்.

அதுக்காக ஊரெல்லாம் நடுங்கன்னு சொல்லலை. சிவப்புச் சாயத்துக்குப் பூச்சி வளர்க்கக் கள்ளி தேவைன்னு வெள்ளைக்காரன் ஆசைப்பட்டான். 1795-ல் பூச்சியும் வந்தது, ஆனா வந்தது நல்ல சாயத்துக்கு உதவாத வேறு வகை. அது நல்ல சாயம் தராம ஒரு வகைக் கள்ளியைத் தின்னு தீர்த்தது. நம்ம நாகதாளிக் கள்ளியை அது தொடலை. அது தென்னிந்திய நிலமெல்லாம் மண்டி, 1926-ல் இலங்கையிலிருந்து வேற பூச்சி கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கினது. மேய்ச்சல் நிலத்தில் இது எமன். வீட்டுக்குள் ஒரு செடி, கண் பார்வையில், அவ்வளவுதான் நான் கேட்கிறது.

கடைசியில் சமரசம். கைக்கு எட்டுற உயரத்து மட்டையெல்லாம் வெட்டியாச்சு, சுத்தி கம்பி வலை. அம்மா இன்னும் அந்தப் பழத்தைத் தொடுறதில்லை, பேத்தி சாப்பிடும்போது தொண்டை முள்ளை எடுத்தாளான்னு மட்டும் எட்டிப் பார்க்கிறாங்க. வெட்டின மட்டையை வெளியே வீசக் கூடாது, விழுந்த இடத்தில் வேர் விடும். மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கேன். மூணு வாரம் ஆச்சு, இன்னும் காயலை.