காப்பாளரின் கையொப்பம் முதியவரின் சம்மதமா?

மறதி நோயைப் பற்றி ஆராய்ச்சி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், வேண்டும், வேண்டும் என்று உரக்கக் கூறுவோர் நாம். ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று திண்ணையிலே ஒதுக்கி வைத்ததும், முன்வினைப் பயன் என்று முணுமுணுத்ததும், மந்திரித்துக் கயிறு கட்டியதும் போதும். மூளையிலே உண்டாகும் நோய் அது. மருத்துவம் ஆராய வேண்டிய நோய் அது. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவிலே 60 வயது கடந்தவர்களில் ஆயிரத்துக்கு 74 பேர், ஏறக்குறைய 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாடோ முதியோர் மிகுந்த மாநிலம். 2021-ஆம் ஆண்டுக்கான கணிப்பிலே, முதியோர் விகிதத்தில் பெரிய மாநிலங்களுக்குள் கேரளம் ஒன்றுதான் நம்மை முந்தி நின்றது.

ஆராய்ச்சியின் அருமையை அறிய அயல்நாடு போக வேண்டியதில்லை. 1998-இல் ‘10/66’ என்றொரு ஆராய்ச்சிக் குழு தொடங்கப்பட்டது. ஏன் அந்தப் பெயர்? மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளிலே இருக்க, ஆராய்ச்சியிலே பத்தில் ஒரு பங்குகூட அந்நாடுகளிலே நடைபெறவில்லை. அந்த அநீதியைச் சுட்டிக்காட்டவே அப்படிப் பெயர் வைத்தார்கள். அக்குழு சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு நடத்திற்று. பள்ளிக்கூட வாசலையே மிதித்தறியாத மூதாட்டியிடம் எழுத்தும் கணக்கும் கேட்டு, விடை வராததுகண்டு ‘மறதி நோய்’ என்று முத்திரை குத்திவிடாதபடி, சோதனை முறையைத் திருத்தி அமைத்தது அதன் பெரும் பணி. எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்ற விஞ்ஞானம் அது. வாழ்த்துகிறோம்.

ஆனால், வீட்டிலே இருக்கும் முதியவரிடம் நடக்கும் ஆராய்ச்சி வேறு. இல்லத்திலே அடைபட்டிருக்கும் முதியவரிடம் நடக்கும் ஆராய்ச்சி வேறு. வீட்டுக்கு ஊசியோடு ஒருவர் வந்தால், ‘எதுக்குங்க ரத்தம் எடுக்கறீங்க?’ என்று கேட்க மருமகள் இருப்பாள். எட்டிப் பார்க்க அடுத்த வீட்டுக்காரர் இருப்பார். இல்லத்திலே?

வாழப்பாடிப் பக்கத்துக் குடியானவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். பாக்குத் தோப்புக்குத் தண்ணீர் கட்டியவர். குச்சிக்கிழங்கு பிடுங்கிச் சேகோ ஆலைக்கு வண்டி ஏற்றியவர். மகன் பெங்களூரிலே, மகள் திருப்பூரிலே. மனைவி மறைந்தாள், மறதி வந்தது. எங்கோ ஓர் இல்லத்திலே சேர்த்துவிட்டு மாதந்தோறும் பணம் அனுப்புகிறான் மகன். அந்த இல்லத்துக்கு ஆராய்ச்சியாளர் வருகிறார், கையிலே பத்துப் பக்கப் படிவத்துடன். பெரியவரின் பெருவிரலைப் பிடித்து மையிலே தோய்க்கிறார் காப்பாளர். சாட்சி யார்? காப்பாளரிடம் சம்பளம் வாங்கும் ஆயா. உறவினர் கையொப்பமிட வேண்டிய இடத்திலே? அங்கும் காப்பாளர்தான். இப்படி நடந்தது என்று எந்த இல்லத்தின் மீதும் நாம் குற்றம் சாட்டவில்லை. நடந்தால் தடுப்பவர் யார் என்று கேட்கிறோம்.

வேண்டாத பயம் என்பீர்களா? அமெரிக்க நாட்டிலே, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலே, 1963 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். தீராத நோயாளிகளுக்கான யூத மருத்துவமனை ஒன்றிலே, தளர்ந்து கிடந்த 22 நோயாளிகளின் உடலிலே உயிருள்ள புற்றுநோய் அணுக்களை ஊசிமூலம் செலுத்தினார்கள். உடல் அவற்றை எவ்வளவு விரைவில் ஒதுக்கித் தள்ளுகிறது என்று பார்ப்பதற்காம்! செலுத்துவது இன்னதென்று சொன்னார்களா? ‘புற்றுநோய்’ என்ற சொல்லையே வாயில் கொண்டுவரவில்லை. ஊசி போட மறுத்த மூன்று இளம் டாக்டர்கள் வேலையை உதறிவிட்டு வெளியேறினர். மருத்துவமனை நிர்வாகக் குழுவிலே இருந்த வழக்கறிஞர் வில்லியம் ஹைமன், ஏடுகளைக் காட்டு என்றார்; மறுத்தனர்; நீதிமன்றம் ஏறினார். வெளிச்சம் வந்தது. ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் சௌதமுக்குக் கிடைத்த தண்டனை என்ன? ஓராண்டுக்கு உரிமத்தை நிறுத்தி வைத்து, அந்தத் தண்டனையையும் நிறுத்தி வைத்தனர்! 1968-இல் அவரே அந்நாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் சங்கத்தின் தலைவராகவும் ஆனார். பெரிய இடத்துப் பிழைகளுக்கு எந்த நாட்டிலும் தண்டனை மெல்லியதுதான் போலும்.

இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கதவைத் திறந்து வைத்தது மருத்துவ உலகின் மனச்சாட்சி மட்டுமன்று. ஏட்டைக் கேட்கும் உரிமை படைத்த, மருத்துவரல்லாத ஒருவரின் பிடிவாதமும்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2009-இல், அப்போது ஆந்திரத்திலிருந்த கம்மம் மாவட்டத்திலே, கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுவரையான சிறுமியர் 14,000 பேர் அளவில் போட்டுப் பார்த்தார்கள். பலர் அரசு விடுதிகளிலே தங்கிப் படித்த ஏழைக் குழந்தைகள், பழங்குடிக் குழந்தைகள். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்திலே விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தார்கள்! 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அதனைக் கடுமையாகச் சாடிற்று. இடையே நேர்ந்த சில சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. அந்த ஊசி பயனுள்ள ஊசி என்பதையும் நாம் அறிவோம். ஊசி நல்லதாகவே இருக்கட்டும்; பெற்றவள் இருக்கக் காப்பாளர் எப்படிச் சம்மதிக்கலாம் என்பதல்லவா வழக்கு? விடுதிச் சிறுமிக்கு நேர்ந்தது இல்லத்து முதியவருக்கு நேராது என்பதற்கு உத்தரவாதம் என்ன?

சட்டம் இல்லையா? இருக்கிறது. புது மருந்துச் சோதனைக்கான 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புதல் தந்தாக வேண்டும். குறைந்தது 7 பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்கள். சட்டம் அறிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், பொதுமக்களில் ஒருவர் என்றெல்லாம் வகுத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சோதனை நடக்கும் இடத்திலே குழு இல்லையென்றால், அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள வேறு குழு ஒப்புதல் தரலாம் என்றும் இருக்கிறது. சேலத்திலிருந்து வாழப்பாடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். ஆக, சேலத்து அறையிலே கூடும் குழு வாழப்பாடி இல்லத்துக்கு ஒப்புதல் வழங்கலாம். ஒப்புதல் ஓலை அரை மணியிலே வந்து சேரும். குழுவின் கண் வந்து சேருமா? வந்து பார்க்காத குழு, காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடும் குழுவாகத்தான் இருக்கும். சோதனையால் கேடு விளைந்தால் இழப்பீடு உண்டு என்கிறது விதி. நேற்று ஊசி போட்டார்கள் என்பதையே மறந்துவிட்டவருக்காக அந்த இழப்பீட்டைக் கேட்கும் வாய் எது?

இன்னொன்று. புது மருந்துச் சோதனைக்கு அனுமதி தருவது டில்லி. அந்தக் குழுக்களைப் பதிவு செய்வதும் டில்லி. வாழப்பாடிக் கிழவர் கையிலே ஏறும் ஊசிக்குச் சென்னைக் கோட்டையின் ஒப்புதல் தேவையில்லை! மாநில சுயாட்சி என்று நாம் பேசும்போது, ஏதோ ஏட்டுத் தத்துவம் பேசுவதாக எள்ளி நகைப்போர் இதனையும் எண்ணிப் பார்க்கட்டும்.

ஆயினும் ஒரு சாவி மாநிலத்தின் கையிலே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு அது. நினைவாற்றலைப் பெரிதும் குலைத்து, முடிவெடுக்கும் திறனைப் பறிக்கும் கோளாறும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. சம்மதம் தர இயலாதவர் மீது மருந்தோ பிற சிகிச்சையோ செலுத்தி ஆராய வேண்டுமானால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும். சம்மதம் தரக்கூடியவர்களைக் கொண்டு அந்த ஆராய்ச்சியைச் செய்யவே முடியாது என்பதை ஆணையத்துக்கு மெய்ப்பிக்க வேண்டும். நடத்துவோரின் ஆதாயங்கள் அத்தனையும் வெளியிடப்பட வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, அந்த மனிதர் எதிர்ப்புக் காட்டாதவராக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை பொன்னேபோல் போற்றத்தக்கது. பெயர் மறந்தவர், ஊர் மறந்தவர், பெற்ற பிள்ளையின் முகம் மறந்தவர், ஊசியைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிறாரே, அது பேச்சுதான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாரே, அதுவும் மறுப்புதான். ‘பெரியவர் இன்னிக்குக் கொஞ்சம் முரண்டு பண்றார், நாளைக்கு வாங்க’ என்று சொல்லி, மறுநாள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள ஊசி போடுவது சட்டத்தை மிதிப்பதாகும். நினைவு போகலாம், சுயமரியாதை போய்விடுவதில்லை.

ஆனால் அதே சட்டத்திலே ஓர் ஓட்டை. ஆணையம் இசைந்தால், நோயாளியின் நியமனப் பிரதிநிதி சம்மதம் தரலாம். யார் அந்தப் பிரதிநிதி? அவரே எழுதி வைத்தவர், இல்லையேல் உறவினர், இல்லையேல் பராமரிப்பவர், அதன் பின்னரே வாரியம் நியமிப்பவரும் சமூக நலத்துறையும். பராமரிப்பவர் என்றால், உடனிருந்து கவனிப்பவர், ஊதியம் பெற்றாலும் சரி என்று விளக்கம் வேறு. உறவற்ற முதியவருக்கு, இல்லத்திலேயே குடியிருக்கும் காப்பாளர் மூன்றாம் படியில் நின்று பிரதிநிதியாகிவிடலாமே! சோறு போடுவதற்கும் மாத்திரை கொடுப்பதற்கும் அந்தப் பொறுப்பு பொருந்தலாம். ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. நன்கொடையோ, கட்டிலோ, கருவியோ ஆராய்ச்சியாளரிடமிருந்து பெறக்கூடிய இல்லத்தின் ஆள், அந்த ஆராய்ச்சிக்கே சம்மதம் தருவது எவ்விதம் நியாயமாகும்?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரிலே வெடித்த செய்தி நினைவிருக்கும். காணாமற்போன ஒரு முதியவரைக் கேட்டு உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் அந்த இல்லம் உரிய அனுமதியின்றி நடந்து வந்தது ஊருக்குத் தெரிந்தது. அங்கே ஆராய்ச்சி நடந்தது என்று நாம் கூறவில்லை. யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கணக்கே கேட்பாரின்றிக் கிடந்த இடத்திலே, யாருக்கு எந்த ஊசி என்ற கணக்கை யார் கேட்டிருப்பார்?

கட்டுப்பாடு கூடினால் ஆராய்ச்சி வற்றிவிடும் என்பர் சிலர். வினாத்தாளுக்கும் ஊசிக்கும் ஒரே பூட்டுப் போடச் சொல்லவில்லை நாம். பதிவு பெறாத இல்லத்திலே எந்த ஆராய்ச்சியும் கூடாது. காப்பாளர் பிரதிநிதியாகவோ, அவருடைய பணியாளர் சாட்சியாகவோ நிற்கக் கூடாது. உறவற்றவர்க்கு வாரியம் நியமிப்பவரே பேச வேண்டும். ஒப்புதல் தந்த குழு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்க வேண்டும். பொதுமக்கள் சார்பில் குழுவிலே அமர்பவர் பட்டணத்துப் பிரமுகராக மட்டும் இராமல், இல்லம் இருக்கும் வட்டாரத்திலிருந்தும் ஒருவர் இருக்கட்டும். ஜவ்வரிசி காயவைத்துப் பிழைத்த பெண்ணொருத்தி கேட்கும் கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்கமாட்டார்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-இல். அன்று முதல் 99-ஆவது பிரிவின்படி மாநில ஆணையத்துக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, இசைவு பெற்றவை எத்தனை, எந்தெந்த இல்லங்களிலே என்ற பட்டியலைச் சட்டமன்றத்திலே நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டும். வாழப்பாடி, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம் வட்டாரத்துத் தோழர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தத்தம் ஊர் இல்லத்துக்கு ஒரு மாலைப் பொழுதிலே சென்று, முதியவர்களோடு அமர்ந்து பேசிவிட்டு, வரும்போது காப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: ‘இங்கே யாராவது ஆராய்ச்சி நடத்துறாங்களாங்க? சம்மதப் படிவத்தைக் கொஞ்சம் பார்க்கலாமுங்களா?’