பதித்த பல்லும் கடிக்கும் விசையும்



முதுமையில் பல்லிழந்தோர் விருந்துப் பந்தியில் படும் பாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. இளையோர் இலையை மூடி எழுந்த பின்னும் பாட்டியார் ஒரே கவளத்தை ஈறுகளுக்கிடையே உருட்டிக்கொண்டிருப்பார். நாளடைவில் பந்திக்கு வருவதையே விட்டுவிடுவார். "இந்த வயதில் அவருக்குப் பல் எதற்கு?" என்று கேட்கும் மக்களும் உளர். அக்கேள்வி நமக்கு உவப்பானதன்று. ஆயினும், பெரும்பொருள் செலவிட்டு இம்பிளாண்ட் பதித்துக்கொண்டவர்களுள்ளும் சிலர் திருகு தளர்ந்தது, பல் உடைந்தது என முறையிடுகின்றனர். ஆகவே, அப்பற்களில் கடிக்கும் விசை செயல்படும் விதத்தை இம்மாதம் நோக்குவோம்.

இறைவன் அமைத்த பல் எலும்பில் அறைந்த ஆணியன்று. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள நார்ப்படலம் ஒன்றுண்டு. அது மெத்தையாய் நின்று தாக்குதலைத் தணிக்கிறது; தன் நரம்புகளால் எச்சரிக்கையும் செய்கிறது. சோற்றில் கல் கடிபட்டவுடன் தாடை தானே நின்றுவிடுவது பெரிதும் இதனாலேயே. தலைமயிரினும் மெல்லிய தகட்டையும் இயற்கைப் பல் உணரும். பல் போனால் அப்படலமும் உடன் போய்விடுகிறது.

ஈறின்மேல் அமரும் சாதாரணப் பல் செட்டு, இயற்கைப் பல்லின் கடிவிசையில் நாலில் ஒரு பங்கைத் தருவதே அரிது. மேலும், ஈறு மெல்லுவதற்கென அமைந்ததன்று. அதன் அடியிலுள்ள எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது. கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறதென 1972இல் வெளியான நெடுநாள் ஆய்வொன்று காட்டியது. கீழ்ச் செட்டு எப்போதும் ஆடுவதன் காரணம் இப்போது விளங்கும்.

இதற்கு வழி கண்டவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர் இங்வார் பிரோனெமார்க். 1952இல் முயலின் கால் எலும்பில் குருதியோட்டத்தை ஆராயத் தைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற இயலவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றியிருந்தது! 1965இல் யோதெபோரி நகரில் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவ்வுலோகத் திருகுகளைப் பதித்தார். லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கு மேல், அவை உழைத்தன.

நிற்க. எலும்போடு ஒன்றிய திருகுக்கு மெத்தை இல்லை என்பதை மறத்தலாகாது. விசை முழுதும் நேரே எலும்புக்குச் செல்கிறது. செங்குத்தாக அழுத்தினால் அது நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் நெம்பினால் விளிம்பெலும்பும் திருகும் வருந்தும். நட்ட கம்பத்தின் தலையில் ஏறி அமர்வதற்கும், அதைப் பிடித்து அசைப்பதற்கும் உள்ள வேறுபாடே இது. கடைசித் திருகுக்கும் பின்னால் பல் வரிசையை நீட்டி அமைத்தால், அந்நீட்சியில் கடிக்குந்தோறும் கடப்பாரையால் நெம்புவது போலாகிக் கடைசித் திருகின்மேல் பளு பெருகும். பின்வரிசையில் இன்னும் இரு பல் வேண்டுமென வற்புறுத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திருகு தளர்வது பெரும்பாலும் முன்னெச்சரிக்கையே. அதை இறுக்கிவிட்டு, பளு எங்கு மிகுந்ததென்று ஆராயாமல் விடுவதே பிழை.

எல்லாருக்கும் பல திருகுகள் வேண்டுவதில்லை. 2002இல் கனடாவின் மொன்றியல் நகரில் கூடிய வல்லுநர்கள், பல்லற்ற கீழ்த்தாடைக்கு முன்புறம் இரண்டு இம்பிளாண்டும் அவற்றில் மாட்டிக் கழற்றத்தக்க செட்டுமே முதல் தேர்வாக இருக்கத் தக்கது என்றனர். நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே ஏற்றதென்பது நமது கருத்தும். ஆனால் இவ்வமைப்பில் செட்டின் பின்பகுதி இன்னும் ஈறின்மேல்தான் அமர்கிறது. அங்கு எலும்பு கரைந்தால் செட்டு பின்னால் தாழ்ந்து, முன்னுள்ள இரு திருகுகளையும் நெம்பத் தொடங்கும். ஆதலின் அடிப்பகுதியை அவ்வப்போது ஈறுக்கேற்ப நிரப்பிச் சீர்செய்தலும், பிடிப்பு வளையங்களை மாற்றுதலும் தவிர்க்க முடியாதவை.

பதித்த முதல் வாரங்களில் திருகு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசைந்தாலே எலும்புக்குப் பதில் நார்த்தசை வளரக்கூடும். மருத்துவர் கஞ்சியும் குழைந்த சோறும் உண்ணச் சொல்வது அதனாலேயே. "வலி இல்லையே" என்று பொட்டுக்கடலையை மெல்லுவோர் உண்டு! வலிக்க அங்கு நார்ப்படலம் ஏது? புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் கேடு விளைப்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

உறக்கத்தில் பல் அரைக்கும் பழக்கமுடையோர் அதை முன்னதாகவே மருத்துவரிடம் கூறுக. உறங்குபவர் தம் அரைத்தலை அறியார். உடன் உறங்குபவர் அறிவார். ஆகவே கணவரோ மனைவியோ உடன் சென்று சொல்வது நலம். இரவில் அணியும் கவசம் விசையைப் பகிர்ந்தளிக்கும். வண்ணத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, அழுந்தும் இடங்களை மருத்துவர் தேய்த்துச் சரிசெய்யும்போது "போதும், போதும்" என எழுந்துவிடலாகாது; பணியின் உயிர்நிலையே அதுதான்.

பற்களை அடித்து நொறுக்கப்பெற்று 249இல் அலெக்சாந்திரியாவில் வேதசாட்சியான முதிய கன்னிகை புனித அப்பொலோனியாவைப் பல் நோயாளரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுகிறது. அவர் திருநாள் பிப்ரவரி 9. ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு நாள் குறிக்க மறப்பவர்கள் அந்நாளையே வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை முடிந்து வரும் பாட்டியாருக்கு முறுக்கை நொறுக்கிக் கொடுக்கலாம். கரும்பு மட்டும் வேண்டாம்.